கோலார் தங்கவயலில் நான்கு நாள், ஒரு திருத்தம்

ஆகஸ்ட் 14, வியாழன் இரவு

உரிகம் ஸ்டேஷனில் இறங்கு என்று நண்பன் மூன்று முறை சொல்லியிருந்தான். நான் அதற்கு முந்தின கோரமண்டலில் இறங்கிவிட்டேன். நாளை சுதந்திர தினம், அடுத்து சனி, ஞாயிறு என்று பெங்களூரே கிளம்பியிருந்தது. மாலூர் தாண்டும் வரை ஒற்றைக் காலில் நின்று வந்தேன். பங்காருப்பேட்டையில் உட்கார இடம் கிடைத்ததும் கண் சொருகிவிட்டது. அப்புறம் யாரோ "எறங்குங்க, எறங்குங்க" என்றார்கள். அது எனக்குச் சொன்னதில்லை என்பது ரயில் போன பிறகுதான் புரிந்தது.

தூறல். பிளாட்பாரத்தில் ஒரு விளக்கு, ஒரு நாய், லேப்டாப் பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்த ஒருவர். நான் முழிப்பதைப் பார்த்து அவர் நின்றார். "உரிகமா? ரெண்டு நிமிஷம் இருங்க" என்று போனில் ஓர் ஆட்டோவைக் கூப்பிட்டார். ஆட்டோ வரும் வரை மழையில் என்னோடேயே நின்றார். வீட்டுக்குப் போங்கள் என்றாலும் கேட்கவில்லை. பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நாங்கள்.

ஆட்டோக்காரரின் முதல் கேள்வி, "சினிமா பாத்துட்டு வந்தீங்களா சார்?" கே.ஜி.எஃப். படம் பார்த்துவிட்டு நிறையப் பேர் அப்படி வருகிறார்களாம். வந்ததும் தங்கம் எங்கே என்று கேட்கிறார்களாம். "எங்க தாத்தாவையே கேட்டுட்டேன் சார், அவருக்கே தெரியல" என்றார். எண்பது ரூபாய்.

நான் வந்தது சினிமா பார்த்து இல்லை. என் பக்கத்து மேஜைக்காரன் இந்த ஊர். தினமும் இங்கிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு ரயிலில் வந்து போகிறான். காலை பதினொரு மணிக்குத் தலை சாய்ந்துவிடும். நான் பேனாவால் மேஜையைத் தட்டி எழுப்புவேன், இரண்டு வருஷமாக இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. போன மாதம் "ஒரு தடவை வந்து இருந்து பாரு, அப்புறம் தட்டு" என்றான். வந்தாயிற்று.

வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷம் கரண்ட் போனது. அவன் அப்பா மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டே சிரித்தார். "தம்பி, பெங்களூருக்கு முன்னாடி கரண்ட் பாத்த ஊரு இது." உண்மைதான். காவிரியில் சிவனசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, கிட்டத்தட்ட 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, 1902இல் முதலில் இந்த ஊர்த் தங்கச் சுரங்கங்களுக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெங்களூரில் விளக்கு எரிய 1905 ஆனது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது உருண்டையில்தான் பிடிபட்டது. தங்கவயலில் ஆகஸ்டுக் குளிர் நான் நினைத்ததைவிட அதிகம். கம்பளி வாங்கிப் போர்த்திக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடிந்ததும் இரண்டு ஒலிபெருக்கி. ஒன்றில் தேசபக்திப் பாட்டு, இன்னொன்றில் அம்மன் பாட்டு. ஆடிக் கடைசி வெள்ளி. லைனின் ஒரு முனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள், மறுமுனையில் கூழ் ஊற்றினார்கள். இரண்டுக்கும் வரிசையில் நின்ற குழந்தைகள் அதே குழந்தைகள். எனக்கு ஒரு சொம்பு கூழ், முருங்கைக்கீரை, ஒரு துண்டு மாங்காய். கர்நாடகத்தில் இருக்கிறோம் என்பதைக் கடைப் பலகைகள்தான் சொல்கின்றன. காதில் விழுவதெல்லாம் வடாற்காட்டுத் தமிழ். இந்தத் தொகுதியிலிருந்து கர்நாடகச் சட்டமன்றத்துக்கு அ.தி.மு.க. உறுப்பினர்கூடப் போயிருக்கிறார்.

'லைன்' என்றால் சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். ஆதியில் மூங்கில் தட்டிச் சுவர், பிறகு கல்லும் தகரமும். பத்தடிக்குப் பத்தடி ஓர் அறை, ஓரத்தில் அடுப்பு. நண்பன் வீட்டில் முன்னால் ஒரு ஷீட் போட்டுக் கூடம் இழுத்திருக்கிறார்கள். பின்னால் ஒரு குளியலறை. அசல் அறை நடுவில் ஒரு பெட்டி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது. சுவரில் நீலம், கதவில் மஞ்சள். பக்கத்து வீட்டுக் கதவு கிளிப்பச்சை. அதற்கும் பக்கத்து வீட்டுக்குக் கதவே இல்லை, உள்ளே ஆமணக்குச் செடி தலைக்கு மேல் வளர்ந்திருக்கிறது. ஒரே வரிசை, ஒரே கல், ஒரே வயது.

பத்து மணிக்கு நண்பனின் அப்பா தொப்பி மாட்டிக்கொண்டு, "வா தம்பி, ஊரைக் காட்டறேன்" என்றார். எழுபதைத் தொட்டவர். இருபத்துச் சொச்சம் வருஷம் கீழே இறங்கியவர். மூச்சு கொஞ்சம் வாங்கும், அதனால் மெதுவாக நடந்தோம்.

இந்த ஊரை ஒரே ஊர் என்று சொல்வது தப்பு. ராபர்ட்சன்பேட்டை என்ற கடைத்தெரு ஊர் ஒன்று. மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவரின் பெயர், நேர் நேரான தெருக்கள். உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று சுரங்கத்தை ஒட்டி வளர்ந்த ஊர் இன்னொன்று. முதலாவது ஜேஜே என்று இருக்கிறது. இரண்டாவதுதான் உதிர்கிறது.

அப்பா வழிநெடுகக் கைகாட்டிக்கொண்டே வந்தார். இது டைம் ஆபீஸ். சுவர் மட்டும் இருந்தது. இது ஒர்க்‌ஷாப். சுவரும் பாதிதான். இது சினிமா காட்டிய இடம். நான் பார்த்தது ஒரு ஆலங்கன்று, அதன் வேர்ப்பிடியில் ஒரு வளைவு. தூரத்தில் ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழியின், இரும்புக் கோபுரம் மழைமேகத்துக்குக் கீழே கருப்பாக நின்றது. மேலே சக்கரம் அப்படியே இருக்கிறது. அந்தச் சக்கரத்துக் கயிற்றில் தொங்கிய கூண்டில்தான் பூமிக்குள் போவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் 3 கிலோமீட்டருக்கும் மேல். கீழே பாறையே சுடுமாம். காற்றைக் குளிரவைத்து இறக்க மேலே ஒரு பெரிய பிளாண்ட் ஓடியது. "மேனேஜர் வூட்லயே ஏசி கெடையாது அப்ப. நாங்க ஏசில வேலை செஞ்சோம்னு சொல்லிக்கலாம்" என்று சிரித்து, சிரிப்பு இருமலாகி, ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார்.

அங்கே உட்கார்ந்துதான் விஞ்ஞானிகள் கதையைச் சொன்னார். பம்பாயிலிருந்து வந்தவர்கள் தொழிலாளிகளோடு அதே கூண்டில் இறங்குவார்களாம். "இன்னா சார் பிடிக்கிறீங்கன்னு கேட்டேன். வானத்துலேர்ந்து வர்றதுன்னாங்க. வானத்துலேர்ந்து வர்றதைப் பிடிக்க பூமிக்குள்ள ஏன் வரணும், மொட்டை மாடி போதாதா?" நியாயமான கேள்வி. வானத்திலிருந்து வரும் மற்ற துகள்களை மேலே உள்ள பாறை தடுத்துவிடும், நியூட்ரினோ மட்டும் அத்தனையையும் துளைத்துக்கொண்டு வரும் என்பதுதான் பதில். காற்று மண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோவை உலகில் முதலில் பிடித்த இடங்களில் ஒன்று இந்தச் சுரங்கம், வருஷம் 1965. அப்பாவுக்கு நான் விளக்கியதைவிட அந்த விஞ்ஞானிகளே நன்றாக விளக்கியிருப்பார்கள். ஆனால் அவர் கேள்வியை மாற்றிக்கொள்வதாக இல்லை.

நான் ஒரு கேள்வி கேட்டேன். இவ்வளவு உறுதியான கல் கட்டடங்கள் ஏன் இவ்வளவு சீக்கிரம் விழுந்தன? சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28. கால் நூற்றாண்டுதான் ஆகிறது. கோயில் மண்டபங்கள் ஆயிரம் வருஷம் நிற்கின்றனவே.

அவர் விரல் விட்டு எண்ணினார். முதலில் ஒயர் போகும், உள்ளே செம்பு இருக்கிறது. அடுத்து கதவு ஜன்னல், அதெல்லாம் பர்மா தேக்கு. அதன் பின் கூரைத் தகடும் இரும்பு உத்திரமும். இரும்புக்கு எடைக்கு எடை காசு. கூரை போய்விட்டால் சுவரின் தலை திறந்துவிடும், சுண்ணாம்புக் காரையில் மழை இறங்கும், குருவி போட்ட எச்சத்தில் ஆலங்கன்று முளைக்கும். "அப்பறம் யாரும் இடிக்கவே வாணாம். நாலு மழை போதும்."

சரி, ஊர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டா இருந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. ஆனால் அவருக்கே புரிந்திருக்க வேண்டும்.

"தம்பி, பல்பு ஃபியூஸ் போனா கம்பெனி ஆள் வந்து மாட்டுவான். ஓடு ஒடைஞ்சா கம்பெனி. வருஷத்துக்கு ஒரு தபா சுண்ணாம்பு அடிச்சதும் கம்பெனி. தண்ணி பேத்தமங்கலத்துலேர்ந்து கம்பெனி கொழாய்ல வரும். நாங்க அடிச்ச ஆணின்னு ஒண்ணு இந்த ஊர்ல கெடையாது. ஒரு நாள் கம்பெனி போச்சு. ஆணி யாருதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

பேத்தமங்கலம் ஏரி பாலாற்றின் மேல் இருக்கிறது. வாணியம்பாடிக்கும் வேலூருக்கும் போக வேண்டிய அதே பாலாறு. வடாற்காட்டிலிருந்து ஆட்கள் மேலே ஏறி இங்கே வேலைக்கு வந்தார்கள், தண்ணீர் கீழே இறங்கி அங்கே போனது என்று எனக்குத் தோன்றியது. அவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகள் என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவர்கள். சொந்த ஊரில் நிலமில்லை, இங்கே நிலத்துக்கடியில் வேலை. 1930இல் கைரேகை பதிவு செய்யச் சொன்னதற்கு எதிராக 21 நாள் வேலைநிறுத்தம் செய்திருக்கிறார்கள். குற்றவாளிக்குத்தானே கைரேகை எடுப்பார்கள், எங்களுக்கு எதற்கு என்பது வாதம். அப்பாவின் தாத்தா அதில் இருந்தாராம். ரேகை வைக்காத விரலை வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டுவாராம்.

திரும்பும் வழியில் ஒரு பங்களா. முன் வராந்தாவின் கூரை உட்கார்ந்துவிட்டது. புகைபோக்கி மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. வாசல் படியில் உண்ணிச்செடி, ஜன்னல் இருந்த இடத்தில் ஓட்டை. வெள்ளைக்கார இன்ஜினியர் யாரோ இருந்திருக்க வேண்டும். சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க அசல் பேய் வீடு. படம் எடுத்துக்கொண்டேன், இந்தப் பதிவில் மேலே இருப்பது அதுதான். இருபத்தைந்து வருஷமாக மனித வாடையே இல்லாத வீடு.

ராத்திரி இட்லியும் தக்காளித் தொக்கும். கரண்ட் இருக்கிறது.

ஆகஸ்ட் 16, சனி

முதலில் திருத்தம். நேற்று 'மனித வாடையே இல்லாத வீடு' என்று எழுதினேனே, அந்த வீட்டில் ஆள் இருக்கிறார். படத்தை நீக்கிவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

காலையில் மழை விட்டிருந்தது. நண்பன் தூங்குகிறான், லீவு நாளில் அவனை எழுப்பும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. நான் மட்டும் கிளம்பி அந்தப் பங்களாவை இன்னும் கிட்டத்தில் படம் எடுக்கப் போனேன். உண்ணிச்செடியை விலக்கி வராந்தாவில் ஏறினேன். நல்ல கோணம் வேண்டும் என்று ஒரு பலகை மேல் கால் வைத்தேன். பலகை உளுத்தது. கால் முழங்கால் வரை உள்ளே போனது, எங்கேயோ ஓர் ஆணி கணுக்காலுக்கு மேலே கிழித்தது. கத்தினேன்.

"யார்ரா அது?"

வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தால் எப்படி இருக்கும்? எனக்கு ஆணி வலி மறந்துபோனது. பக்கவாட்டிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். பூப்போட்ட கவுன், மேலே ஆண்கள் போடும் ஸ்வெட்டர், கையில் அகப்பை. எழுபத்தைந்து இருக்கும்.

"முன்னாடி போர்டு வெக்கலன்னா யார் வேணா வந்துடறதா? யார் வூடுன்னு நெனச்சே?"

யாரும் இல்லை என்று நினைத்தேன் என்று சொன்னேன். அதைவிட மோசமான பதில் இருந்திருக்க முடியாது.

கொஞ்ச நேரம் என்னை அப்படியே பார்த்தார். அப்புறம் ரத்தத்தைப் பார்த்தார். "வா பின்னால" என்றார்.

பின்பக்கம் இரண்டு அறை. கூரை முழுசாக இருக்கிறது, ஜன்னலுக்குக் கண்ணாடி இருக்கிறது, தரை சிவப்பு மெழுகு போட்டுப் பளபளக்கிறது. சுவரில் மாதா படம், ஒரு காலண்டர், ஒரு கல்யாணப் போட்டோ. மேஜை மேல் குரோஷா விரிப்பு. முன்பக்கம் பேய் வீடு, பின்பக்கம் என் அம்மா வீட்டைவிடச் சுத்தமான வீடு. நடுவில் ஒரே ஒரு கதவு, அதை ஆணி அடித்து மூடிவிட்டார்.

காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார், ஒரு வார்த்தை பேசாமல். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துக் கேட்டேன். கம்பெனி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். பாறை வெடித்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வந்த ராத்திரிகளில் டியூட்டி பார்த்தவர். ஆழத்தில் பாறைக்குள் இறுகியிருந்த அழுத்தம் திடீரென்று வெடிக்கும். ராபர்ட்சன்பேட்டை வரை பாத்திரங்கள் ஆடுமாம். பாத்திரம் ஆடினால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்களாம். இவர் எதிர்த்திசையில், ஆஸ்பத்திரிக்கு. "ஒரு காலத்துல உன்னை நூறு அடில டாக்டர்கிட்ட கூட்டினு போயிருப்பேன். இப்ப ஆட்டோ பிடி. டிடி ஊசி போட்டுக்க, சும்மா உட்டுடாத."

நேற்று அப்பாவோடு போகும்போது பார்த்த அந்த நீள நீளமான ஆஸ்பத்திரிக் கட்டடம் நினைவுக்கு வந்தது. கூரை இறங்கிய வார்டுகள். நான் அதையும் படம் எடுத்திருந்தேன், வெளிச்சம் விழுந்த விதம் நன்றாக இருந்ததென்று.

டீ கொடுத்தார். பிரிட்டானியா பிஸ்கட் இரண்டு, தட்டில் வைத்து. ஏன் இங்கே தனியாக என்று கேட்டதற்கு, வீட்டுக்காரருக்குக் கம்பெனி கொடுத்த வீடு, அவர் இதில்தான் செத்தார், வேறெங்கே போவது என்றார். மகன் துபாயில். முன்பக்கத்தைச் சரி செய்ய மகன் பணம் அனுப்புகிறேன் என்கிறானாம். "என் பேர்ல இல்லாத வூட்டுக்கு அவன் காசை எதுக்குப் போடணும்? நாளைக்கு காலி பண்ணுன்னா?" அதனால் ஒழுகும் அறையை ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்திருக்கிறார். எட்டு அறையில் இப்போது இரண்டு.

கிளம்பும்போது, "போட்டோ எடுத்தியா?" என்றார். எடுத்தேன் என்றேன். "வர்றவன்லாம் முன்னாடியே எடுக்கறான். பின்னாடி வந்து எவனும் எடுக்கறதில்ல." அப்படியானால் பின்னால் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "வாணாம். அழி." அவர் முன்னாலேயே அழித்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டேன். டாக்டருக்கு நூறு, மருந்துக்கு எண்பத்தைந்து. ஆட்டோ போக வர நூற்றைம்பது. விசாரித்தவர்களிடமெல்லாம் 'ஆணி கிழித்தது' என்று மட்டும் சொன்னேன். ஆணி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

ஊசி போட்ட கையோடு பசி. நண்பன் வந்து சேர்ந்துகொண்டான். எம்.ஜி. மார்க்கெட்டைச் சுற்றினோம். ஈரத்தில் கொத்தமல்லி வாசனை, கோழிக்கூண்டு, பிளாஸ்டிக் குடம், கன்னடத்தில் விலை கேட்டால் தமிழில் பதில், தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில். சந்துக்குள் ஒரு கடையில் பீஃப் பிரியாணி, நூற்றிருபது ரூபாய். நீள அரிசி இல்லை, சீரகச் சம்பா. பாலாற்றங்கரைப் பக்குவம், ஆம்பூரில் சாப்பிட்டது போலவே இருந்தது. கத்தரிக்காய்ப் பச்சடியை மறுமுறை கேட்டதற்கு முகம் சுளிக்காமல் இலை நிறைய வைத்தார்கள். எதிரே பேக்கரியில் தேங்காய் நிறைத்த தில்பசந்த் ஒரு துண்டு முப்பது. கால் வலி பாதி போய்விட்டது.

மார்க்கெட்டில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் பித்தளைக் கதவுக் கைப்பிடிகள் குவிந்து கிடந்தன. எந்த வீட்டுக் கதவு என்று கேட்டேன். "வூடு இல்ல சார், வெறும் கைப்பிடிதான்" என்றார். நான் வாங்கவில்லை.

சாயங்காலம் சயனைடு மலை. மலை என்று சொல்கிறார்களே தவிர அது மலை இல்லை. பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு. இப்படி 13 மேடுகள். சாம்பல் வெள்ளையாக, மழைநீர் அரித்த கோடுகளோடு, தூரத்திலிருந்து பார்த்தால் யானைத்தோல். செடி அதிகம் பிடிக்கவில்லை. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போன திசை வேறு, கழிவு நின்ற இடம் இது. நொண்டிக்கொண்டே பாதி ஏறினேன். மேலே பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். பந்து கீழே உருண்டால் திரும்பி வர கால்மணி நேரம், அதனால் யாரும் தூக்கி அடிப்பதில்லை.

"மழைல வந்த, தப்பிச்ச" என்றான் நண்பன். காற்றடிக்கும் மாதங்களில் இந்தப் பொடி சோற்றில், துணியில், கண்ணில். தோல் அரிப்பு, இருமல். சுரங்கத்துக்குள் தூசி வாங்கிய அப்பாவின் நுரையீரலுக்கு மேலேயும் தூசி. இந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க மத்திய அரசு கேட்டதற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சரி சொன்னது. ஊரில் அதைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லோரும் ஒரே மாதிரி தலையாட்டுகிறார்கள். மழை வரும் என்று ரேடியோ சொன்னால் ஆட்டுவோமே, அப்படி.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கால் வீங்கியிருக்கிறது. இன்று அதிகம் நடக்கவில்லை, எழுதவும் அதிகமில்லை.

காலையில் சாம்பியன் ரீஃப் மாதா கோயிலுக்கு நண்பனின் அம்மாவோடு போனேன். அவர் கூழ் ஊற்றுகிற வீட்டுக்காரர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி, அது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழக்கம். கோயில் புதுப் பெயிண்டில் பளிச்சென்று இருக்கிறது. மூன்று நாளாக உதிர்ந்த சுவர்களையே பார்த்த கண்ணுக்கு அந்த வெள்ளை கூசியது. கோபுரம், மணி, ஓடு எல்லாம் ஒழுங்கு. அம்மா சொன்ன காரணம் எளிமையானது: "இது எங்குளுது இல்ல?"

பெரியம்மா அங்கே இருந்தார். அதே கவுன், அதே ஸ்வெட்டர், தலையில் முக்காடு. என் காலைத்தான் முதலில் பார்த்தார். கட்டு மாற்றினாயா என்று ஜாடையில் கேட்டார். இல்லை என்று தலையாட்டியதற்குப் பலிபீடத்துக்கு முன்னாலேயே முறைத்தார்.

மத்தியானம் ஆட்டுக்கறி. இரண்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. ஷீட் கூரையில் மழை விழுந்தால் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்பா எழுந்து போய் அசல் அறையின் மூலையில் ஒரு பக்கெட்டை வைத்துவிட்டு வந்தார். ஒழுகும் இடம் அவருக்கு மனப்பாடம். இந்த வீடு உங்கள் பேரில் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கத்திக் கேட்டேன். அவரும் கத்தினார்: "காங்கிரீட்!" அம்மா இன்னும் சத்தமாக: "மொதல்ல கக்கூஸு!" அதற்கு மேல் வாக்குவாதம் மழையைவிடப் பலமானது. நான் தூங்கிவிட்டேன்.

பெங்களூரில் லாவெல் ரோடு தெரியும்தானே? அந்த லாவெல் இந்த ஊர்க் கதையில் வருகிற ஆள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற அயர்லாந்துக்காரர். இங்கே பொன் கிடைக்கிறது என்று 1800களின் தொடக்கத்தில் ஒரு சர்வே அதிகாரி எழுதியதைப் பல வருஷம் கழித்துப் படித்து, 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டியவர். அவருக்குப் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் ஊர் பிறந்தது. ராத்திரி அப்பாவிடம் இதைச் சொன்னேன், அந்த ரோட்டில் ஒரு காபி முந்நூறு ரூபாய் என்றும் சொன்னேன். "தங்கம் கெடைக்காதவன் பேருக்கே முந்நூறா!" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலாரம் மூன்றே முக்காலுக்கு. நண்பன் கண்ணைத் திறக்காமலே பல் விளக்கினான், கண்ணைத் திறக்காமலே சட்டை போட்டான். அம்மா அதற்கு முன்பே எழுந்து மூன்று டப்பாவில் எலுமிச்சைச் சாதம் கட்டியிருந்தார். மூன்றாவது யாருக்கு என்றேன். "ஸ்டேஷன்ல ஒரு பையன், அவனுக்கு அம்மா இல்ல."

இருட்டில் லைன் லைனாக ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். செல்போன் வெளிச்சத்தில், மழைக்கோட்டில், கழுத்தில் அடையாள அட்டையோடு. பங்களாக்களும் டைம் ஆபீசும் இருந்த இடம் அந்த இருட்டில் தெரியவே இல்லை. வெளிச்சம் வைத்த வீடுகள் மட்டும் தெரிந்தன. நான் எண்ணியதைவிட அவை அதிகம். நண்பனின் தாத்தா ஷிஃப்டுக்குப் போனபோது சங்கு ஊதுவார்களாம். இப்போது ஆளுக்கு ஓர் அலாரம்.

மாரிக்குப்பத்திலிருந்து வந்த ரயிலில் எங்களுக்கு இடம் போட்டு வைத்திருந்தார்கள். இடம் என்றால் அது வருஷக்கணக்கான இடம். யார் ஜன்னல், யார் யாருடைய தோளில் தூங்குவது என்பதெல்லாம் எப்போதோ முடிவானது. கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் ஒரு பெரியவர் தன் பையை மடியில் வாங்கிக்கொண்டு எதிர் சீட்டைக் காட்டினார். "கால நீட்டுங்க சார்." பங்காருப்பேட்டை வரை சீட்டு விளையாடினார்கள். அதன் பிறகு ஒருவர் விளக்கை அணைத்தார். பெட்டியே தூங்கியது. நண்பன் இரண்டாவது நிமிஷத்திலேயே போய்விட்டான். தியாகல் வந்ததா, மாலூர் வந்ததா, எனக்குத் தெரியாது.

யாரோ தோளைத் தட்டினார்கள்.

"சார், உங்க ஸ்டேஷன். இது உங்குளுதுதான், எறங்குங்க."